கண்ணுக்குத் தெரியாத நெருப்புக்கு ஒரு விளக்குமாறு

இன்று காலை பக்கத்து வீட்டில் வெந்நீர் அடுப்புக்குத் தென்னை ஈர்க்கைப் போட்டு எரித்தார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஈர்க்கு கருகுகிற வாசனைக்குக் கண் கலங்குகிற ஆள் இந்தத் தேனி ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "டீச்சர், பொகை ரொம்ப வருதாக்கும்? கண்ணெல்லாம் செவந்து கெடக்கே" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

நீ போன பிறகு ஆடிக்காற்று மறுபடி வந்துவிட்டது. கம்பம் பக்கமிருந்து கிளம்பி, வாழைத்தோப்புகளை எல்லாம் சாய்த்துவிட்டு, இங்கே என் மாடிக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காற்றைக் கேட்டாலே நீ மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்ட கேள்வி ஞாபகம் வருகிறது. மூக்கில் குழாய். உதடு வறண்டு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து, "நிக்குமாடி?" என்றாய். உன் அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நம் பர்னரில் எரிய வேண்டிய சுடரைத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பதில் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது மாதிரிச் சொல்கிற பழக்கம் நம் இருவருக்கும் கிடையாது என்பதால், உன் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

இப்போது பதில் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேராகச் சொல்ல வராது எனக்கு. சுற்றி வளைத்துத்தான் வருவேன். வகுப்பிலும் நான் அப்படித்தான் என்று நீயே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய்.

மதுரையில் மெக்கானிக்கல் வகுப்பில் நாம் இரண்டே பெண்கள். நீ பண்ணைப்புரம், நான் ஜெயமங்கலம். லீவு முடிந்து திரும்பும்போது தேனி பஸ் ஸ்டாண்டில் யார் முதலில் வந்தாலும் மற்றவளுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்க வேண்டும். பட்டறை வகுப்பில் அரம் போட்டுப் போட்டு உள்ளங்கை உரிந்துபோய், விடுதிச் சோற்றைக் கரண்டியால் தின்ற நாட்கள் அவை. பையன்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் அறுத்த இரும்புத் துண்டைவிட உன் துண்டு நேராக இருந்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

கல்லூரி லேபின் மூலையில் ஒரு பழைய விமான எஞ்சினை நீளவாக்கில் பாதியாக அறுத்து, பச்சையும் சிவப்புமாகச் சாயம் அடித்து வைத்திருந்தார்கள். முன்னால் காற்றை உள்ளே இழுத்து அழுத்துகிற தகடுகள், நடுவில் எரியறை, பின்னால் அந்தச் சூட்டில் சுழலும் டர்பைன். மற்றவர்கள் தகடுகளை எண்ணிக்கொண்டிருக்க, நீ எரியறைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாய்.

"ஏடி, இதுக்குள்ள அடிக்கிற காத்து பொயல விட மோசமாம்ல. அதுல எப்படிடி நெருப்பு அணையாம நிக்குது? எங்கூர்ல ஆடி மாசம் ஒரு வெளக்க வாசல்ல வைக்க முடியாது."

"காத்தச் சொழட்டி விடுறாக. அந்தச் சொழலுக்கு நடுவுல கொஞ்சம் அமைதியா இருக்கும். அங்கன நெருப்பு ஒதுங்கிக்கிடும்" என்றேன், புத்தகத்தில் படித்ததை.

"நெருப்பு ஒதுங்கிக்கிடுமா" என்று நீ மெதுவாகத் திருப்பிச் சொன்னாய். உனக்கு அது பிடித்துப்போய்விட்டது. வாழ்நாள் முழுக்க நீ பார்த்த வேலை அதுதான். காற்றுக்குள் நெருப்பை நிற்க வைப்பது.

நீ சென்னையில் மேற்படிப்பு முடித்து ஜெர்மனிக்குப் போனாய். எனக்குக் கல்யாணம் ஆகி, தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்தது. பகுதி நேரமாக முனைவர் பட்டத்தை இழுத்து இழுத்து முடித்தேன். கேஸ் டர்பைன் பாடத்தை வருஷா வருஷம் அதே கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அதே அம்புக்குறிகள், அதே சமன்பாடுகள், அதே கடைசி பெஞ்சுத் தூக்கம். நான் வரைந்து காட்டியதை நீ அங்கே ஓட்டிக் காட்டினாய். பொறாமை இருந்ததா என்று ஒருமுறை கேட்டாய். இருந்தது. நீ ஃபோனில் பேசி முடித்ததும் அது கரைந்துபோகும், அவ்வளவுதான்.

ஹைட்ரஜனில் ஓடும் விமான எஞ்சினுக்கு எரியறை செய்கிற குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டபோது நீ ஊருக்கு வந்திருந்தாய். உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தாய். அம்மா மொச்சை உரித்தபடியே கேட்டார்கள்.

"தண்ணியில ஓடுற ஏரோப்ளேனா?"

"இல்லத்தா. தண்ணிய வெளிய விடுற ஏரோப்ளேன். மண்ணெண்ணெய் எரிஞ்சா பொகை வரும்ல, இது எரிஞ்சா நீராவிதான் வரும்."

"அப்ப நம்ம தோட்டத்துக்கு மேல ரெண்டு தரம் போகச் சொல்லு. கெணறு வத்திக் கெடக்கு."

நீ அதை ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கில் சொன்னாயாம். யாரும் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள் என்று ஃபோனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

சில வருஷம் கழித்து அந்தத் திட்டத்தை அங்கே மூடினார்கள். உன் வேலையில் குறை இல்லை. மேலே இருந்த யாரோ மனசை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நீ அழவில்லை. ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அத்தனை வருஷ வேலையும் என்னாவது என்று கேட்டேன். "மண்டைக்குள்ள வச்சு எடுத்துட்டு வாரேன். அதுக்குக் கஸ்டம்ஸ் கெடையாது" என்றாய்.

பெரிய நிறுவனங்கள் கூப்பிட்டும் நீ எங்கள் கல்லூரிக்கு வந்தாய். எல்லோரும் உன்னைப் பைத்தியக்காரி என்றார்கள், நானும்தான். ஆண்டிபட்டி ரோட்டில் போகும்போது காரை நிறுத்திக் காற்றாலைகளைக் காட்டினாய். நல்ல காற்றில் சில சும்மா நின்றுகொண்டிருந்தன.

"காத்து அடிக்கையில கரண்ட வாங்க ஆளில்லாம நிறுத்தி வைக்கிறாக. காத்து நின்னதும் கரண்டு இல்லங்கிறாக. அந்த வீணாப் போற கரண்டுல தண்ணியப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து வச்சுக்கிட்டா, ஒரு சின்ன டர்பைன் போதும்டி, ஒரு ஊரு பம்புசெட்டெல்லாம் ஓடும். ப்ளேன் பெறகு பறக்கட்டும்."

பட்டறைக்குப் பின்னால் பழைய ஜெனரேட்டர் ஷெட் ஒன்று கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினோம். ஹைட்ரஜன் கசிந்தால் மேலே போகும் என்று தகரக் கூரையின் உச்சியைத் திறந்து வைக்கச் சொன்னாய். மழைக்கு ஒழுகியது. குமுளி மலைக்கு வாழைத்தார் ஏற்றி ஏற்றிச் செத்துப்போன ஒரு லாரியில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டிய டர்போவைக் காயலான் கடையில் தேடிப் பிடித்து, அதை வைத்தே ஒரு குட்டி டர்பைன் செய்தோம். எரியறை உன்னுடையது. முதலில் அதில் சுடர் பிடிக்கிற வாயான பர்னரைத் தனியாக ஒரு மேடையில் வைத்து, ஊதுகுழாயில் காற்று விட்டு எரித்துப் பார்ப்போம். அதில் நின்றால்தான் டர்பைனுக்குள் போகும் என்பது உன் சட்டம்.

அந்த விளக்குமாறு அப்போதுதான் வந்தது. சுத்தமான ஹைட்ரஜன் எரிவது பகலில் கண்ணுக்குத் தெரியாது. புகை இல்லை, வாசனை இல்லை, பக்கத்தில் போகும்வரை சூடுகூட அதிகம் தெரியாது. நடந்து போய் அதற்குள்ளேயே முகத்தை நீட்டிவிடலாம். ஹைட்ரஜனோடு வேலை செய்கிறவர்கள் விளக்குமாற்றை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பது உலகம் முழுக்க உள்ள பழைய வழக்கம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. தென்னை விளக்குமாறு ஒன்றை மூங்கில் கழியின் நுனியில் கட்டினாய். ஈர்க்கு நுனி திடீரென்று பற்றிக்கொண்டால் அங்கே நெருப்பு இருக்கிறது. அவ்வளவுதான் கருவி. உன் அம்மா ஒருநாள் ஷெட்டைப் பார்க்க வந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "இதுக்கா ஆத்தா சீமைக்குப் போயிப் படிச்ச? வெளக்கமாத்தப் பிடிச்சுக்கிட்டு முன்னால போறதுக்கா?"

திறப்பு விழா நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நம் தாளாளர் ஏலக்காய் வியாபாரத்தில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல நேரம், நல்ல சகுனம் தவறக் கூடாது அவருக்கு. ஆளுயரக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஷெட்டுக்குள் வைத்துவிட்டார்கள். எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டாயிற்று. பக்கத்திலேயே சிலிண்டர். நீ ஓடிப்போய் விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டாய்.

"ஐயா, வெளிய வச்சு ஏத்துங்க."

"உள்ள ஏத்துறதுதானம்மா மொறை. வாசலுக்கு வெளிய வச்சு ஏத்துனா என்ன நெனப்பாக?"

"உள்ள கசிஞ்சிருந்தா நமக்குத் தெரியவே தெரியாதுங்கய்யா. ஒரு திரி போதும், இந்தக் கூரை வைகை டேமுல போயி விழுகும்."

விளக்கைத் தூக்கி வெளியே புங்கமரத்தடியில் வைத்தார்கள். அவர் ஏற்றினார். ஆடிக்காற்று ஒரே வீச்சில் அணைத்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உள்ளே அழைத்துப் போகும்போது நீ வழக்கம்போல விளக்குமாற்றை நீட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாய். அவர் அப்படியே நின்றுவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா" என்று மட்டும் சொன்னார். காபி குடிக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து கல்லூரியில் அதற்கு 'வெளக்கு அணைஞ்ச ஷெட்டு' என்று பேராகிவிட்டது. நீ சொன்னது சரி. ஆனால் சரியாக இருந்ததற்காக நம்மை யாரும் மன்னிக்கவில்லை.

ஆனாலும் அந்த வருஷங்கள்தான் என் நல்ல வருஷங்கள். முதலில் சமையல் வாயுவில் ஓட்டினோம். டர்போ ஊளையிட்டபோது பட்டறை இன்ஸ்ட்ரக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வாயுவோடு ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். அதுவும் ஓடியது. முழு ஹைட்ரஜனுக்கு வந்ததும்தான் வம்பு. ஹைட்ரஜன் சுடருக்கு அவசரம் அதிகம். காற்றும் வாயுவும் வேகமாக வருகிறவரை வாயிலில் நிற்கும். அந்த ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தால் போதும், வந்த வழியிலேயே திரும்பிப் பாய்ந்து குழாய்க்குள் புகுந்துவிடும். 'டப்' என்று ஒரு சத்தம். பர்னர் உள்ளுக்குள் கருகிப்போகும். உண்மையான எஞ்சினில் ஓட்டம் தளராமல் இருக்குமா? தளர்ந்தாலும் நிற்க வேண்டும். அதற்காகத்தான் நீ பர்னர் மேல் பர்னராக மாற்றிக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு முறையும் அந்த 'டப்' வரும். நீ வால்வை மூடிவிட்டு, "போயிருச்சு. டீ குடிப்போம் வா" என்பாய்.

ஒரு ஆடி மாதம் கூரையின் திறப்பு வழியாகப் புழுதி இறங்கியபோது சுடர் கண்ணுக்குத் தெரிந்தது. செம்மஞ்சளாக ஒரு துடிப்பு, பிறகு ஒன்றுமில்லை. மண்ணில் இருக்கும் உப்பு எரிந்தால் அந்த நிறம் வரும். பாடம் நடத்துகிறவள் நான், எனக்கே அது தோன்றவில்லை. நீதான் சொன்னாய். "ஜெர்மனியில அம்புட்டு சுத்தமான காத்துல எரிச்சோம், ஒரு நாளும் மொகத்தக் காட்டல. நம்மூரு புழுதி பட்டாத்தான் காட்டுவேங்குது."

வயிற்று வலி என்று நீ சொல்ல ஆரம்பித்தபோது நாம் இருவருமே கேன்டீன் சாப்பாட்டைத் திட்டினோம். கணையம் என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் கடந்துபோயிருந்தது. அறுவை செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். நீ அதைக் கேட்டுக்கொண்ட விதம் எனக்குக் கோபம் தந்தது. ஒரு சோதனை முடிவைக் கேட்பது மாதிரிக் கேட்டாய். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கடைசிப் பர்னரை யோசித்தாய். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வட்டம் வட்டமாக வரைந்தாய். ஒரு பெரிய வாய்க்குப் பதிலாக முடி நுழைகிற மாதிரி நூற்றுக்கணக்கில் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு பொடிச் சுடர். "இம்புட்டுச் சின்ன ஓட்டைக்குள்ள திரும்பி நுழைய அதுக்குச் சூடு பத்தாதுடி. சுவரு உறிஞ்சிக்கிடும்" என்றாய். இப்படிப் பொடித் துளை வைப்பது நீ கண்டுபிடித்ததில்லை, வேறு இடங்களிலும் முயன்றிருக்கிறார்கள் என்று நீயே சொன்னாய். துளைகளைச் சாய்த்து அடுக்கிய விதம்தான் உன்னுடையது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தோம். செய்து முடிக்கத் தாமதமாகிக்கொண்டே போனது. நீ ஒவ்வொரு நாளும் வந்துவிட்டதா என்று கேட்டாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். கடைசியாக அந்த ஒன்றை மட்டும் கேட்டாய்.

உன்னைப் பண்ணைப்புரத்துக்குக் கொண்டுபோனார்கள். உன் அண்ணன் கொள்ளி வைத்தார். நம் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனைவரை வந்து, தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்களோடு நானும் நின்றேன். பறைச் சத்தம் தேய்ந்து போனது. உன் அம்மா என் தோளில் சாய்ந்து, "என்னையத் தூக்கிட்டுப் போக வேண்டியவளத் தூக்கிட்டுப் போறாகளே" என்றார்கள். இத்தனை வருஷம் உன்னோடு நின்று எத்தனையோ நெருப்பைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரிந்த அந்த ஒரு நெருப்பை மட்டும் நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். உன்னை ராக்கெட் விஞ்ஞானி என்றார் ஒருவர். மற்றொருவர் நீ அணுசக்தித் துறையில் சாதித்ததாகச் சொன்னார். நீ இருந்திருந்தால் என் தொடையைக் கிள்ளியிருப்பாய்.

கருமாதி அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து அந்தப் பர்னர் தகடு வந்தது. உன் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது கூரியர்க்காரன் எனக்கு ஃபோன் செய்தான். உள்ளங்கையளவுதான். வெளிச்சத்தில் பிடித்தால் அத்தனை துளைகளும் மினுங்கின. அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தேன்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியாது. மெக்கானிக்கலுக்குப் பிள்ளைகள் சேருவதே நின்றுவிட்டது. துறையை மூடுவதென்று நிர்வாகம் முடிவு செய்தது. எல்லோரையும் கம்ப்யூட்டர் பக்கம் மாற்றினார்கள். என்னை முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தச் சொன்னார்கள். ஷெட்டை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் வரப்போகிறது என்றார்கள். சிலிண்டர் வாங்கவும் அனுமதி இல்லை. தகடு என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. 'நிக்குமாடி' என்று அது என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்க்காமலே இடித்துவிட்டால் நீ கேட்டது அப்படியே காற்றில் தொங்கும். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

நேரே தாளாளரிடம் போனேன். அவர் மேஜையில் ஏலக்காய் மாதிரிகள் சின்னச் சின்னத் தட்டுகளில் இருந்தன. ஒரே ஒரு சோதனை, அதன் பிறகு இடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒரு காயை நகத்தால் பிளந்து பார்த்தபடி இருந்தார்.

"அந்தம்மா என்னைய வெளிய நிக்க வச்சு வெளக்கு ஏத்தச் சொன்னாக. ஊரே பாத்துச்சு."

"தெரியும்ங்கய்யா."

"ஆனா ஒண்ணு. இத்தன வருசத்துல அந்த ஷெட்டுல ஒரு ஆளுக்கு ஒரு காயம் இல்ல. பட்டறையில வெரலு போயிருக்கு, ஹாஸ்டல்ல கொதிக்கிற சாம்பாரு கொட்டியிருக்கு. அங்கன ஒண்ணும் நடக்கல." காயை வாயில் போட்டுக்கொண்டார். "எப்ப வச்சுக்கிறீக? நானும் வாரேன்."

ஒரு மதியம் வைத்துக்கொண்டோம். பட்டறை இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரைப் பூட்டினார். நான் தகட்டைப் பொருத்தினேன். உன் ஒழுங்கில்தான் எல்லாம்: முதலில் கசிவு பார்த்தது, பிறகு காற்று, பிறகு வாயு, பிறகு பொறி. தாளாளர் யாரும் சொல்லாமலே புங்கமரத்தடியில் போய் நின்றார். உள்ளே தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் வரலாம் என்று கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"எப்பம்மா பத்த வைப்பீக?"

"எரிஞ்சுக்கிட்டு இருக்குங்கய்யா."

அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே."

மூங்கில் கழியை எடுத்து அவரிடம் நீட்டினேன். நுனியில் உன் விளக்குமாறு, பழைய கரிந்த ஈர்க்குகளோடு. வேண்டுமென்று செய்யவில்லை. அந்த நேரத்தில் வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தோன்றவில்லை. அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். சுவருக்கு மேலாக நீட்டினார். வெறும் காற்றில் ஈர்க்கு நுனி குபீரென்று பற்றியது.

"ஆத்தாடி" என்றார் மெதுவாக. பிறகு, "இதத்தான் அன்னைக்கு அவுக சொன்னாக" என்றார்.

நான் ஓட்டத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, நீ செய்வது மாதிரி ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திக் காது கொடுத்துக்கொண்டு. முதல் பர்னர் செத்த இடம் வந்தது, கடந்தது. நீ டீ குடிப்போம் என்று சொல்கிற இடம் வந்தது. 'டப்' வரவில்லை. அதற்கும் கீழே போனேன். நாம் போகவே போகாத இடம் அது. மீட்டர் முள் கிட்டத்தட்ட அடியைத் தொட்டது. அப்போது கூரை வழியாகக் காற்று புகுந்து புழுதியை அள்ளிப் போட்டது. தகடு முழுக்கச் சின்னச் சின்னதாகச் செம்மஞ்சள் முளைகள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இன்ஸ்ட்ரக்டர் "மேடம், மேடம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். யாரைத் தேடினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டர் தீர்கிறவரை எரிந்தது.

தாளாளர் விளக்குமாற்றைச் சுவரில் பதமாகச் சாய்த்து வைத்தார். "மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா சேர பிள்ளைக இல்லையே. கூரையப் பிரிக்க திங்கக்கெழம ஆளு வருவாக" என்றார். வந்தார்கள். டர்போ மறுபடி காயலான் கடைக்குப் போனது. மேடை இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டிகள் நிற்கின்றன. புங்கமரம் மட்டும் இருக்கிறது.

முடிவுகளை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். உன் பெயர்தான் முதலில். திரும்பி வந்தது. ஒரே ஒரு முறை செய்த சோதனை போதாதாம், மறுபடி செய்து காட்டினால் பரிசீலிப்பார்களாம். நியாயமான பேச்சு. நீயாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாய். ஆனால் எதை வைத்துக் காட்டுவது? கட்டுரையில் முதல் பெயருக்குரியவரின் முகவரிக்கு அனுப்பிய மடல் சேரவில்லை, சரிபார்க்கவும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரிக்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை. வேறு இரண்டு ஆய்வுக்கூடங்களுக்குத் தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஒருவர் நன்றாக இருக்கிறது என்றார். மற்றவர் இதில் இப்போது நிதி இல்லை என்றார். இனி யாராவது கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

விளக்குமாறு என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. வேலைக்கு வருகிற பெண் அதைத் தூக்கிப்போடப் போனாள், நான் கத்திய கத்தலில் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். தகடு கைப்பையில், கைக்குட்டையில் சுற்றி. வகுப்பில் சாக்பீஸ் எடுக்கக் கை விட்டால் அதுதான் முதலில் தட்டுப்படும். ஆளில்லாத அறைக்குள் நுழையும்போது என் வலது கை தானாக முன்னால் நீள்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து எனக்குக் கண் சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

இந்த வார்த்தையைப் பத்திரிகையிலும் பார்க்க மாட்டாய், என் வாயாலும் கேட்க மாட்டாய். இருந்தாலும் நீ கேட்டது என்னிடம். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

நின்னுச்சுடி. ஓட்டத்தை அடிமட்டம் வரைக்கும் கொறச்சுப் பாத்தேன். நின்னுச்சு. நானும் திரும்பிப் பாத்தேன், "டீ குடிப்போம் வா"னு சொல்ல அங்கன ஆளில்ல.